கமலாசனியின் கிடாரம் வரலாறானது

டணால்!

வன்னியில் இப்படியொரு சத்தம் கேட்டால் முப்பது வயதைத் தாண்டிய எவரும் முதலில் குனிவார்கள். என்ன சத்தம் என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். கமலாசனியும் குசினிக்குள் முறைப்படி குனிந்தாள். தொடர்ந்து எதுவும் வராததால் நிமிர்ந்து, கையிலிருந்த அகப்பையோடு படலையடிக்கு ஓடினாள்.

கிரவல் ரோட்டின் நடுவில் அவளுடைய நெல்லவிக்கிற கிடாரம் குப்புறக் கிடந்து இன்னும் முனகிக்கொண்டிருந்தது. சற்று முன்னால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு நின்றது. பெட்டியின் பின்பலகை கழன்று தொங்கியது. கணவன் யோகநாதனும், தரம் எட்டில் படிக்கும் மகள் யதுர்ஷிகாவும் கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தோடு பக்கத்தில் நின்றார்கள்.

“ஒண்டுமில்லையப்பா, கிடாரம்தான் விழுந்தது,” என்றான் யோகநாதன், அது ஏதோ ஆறுதலான செய்தி என்பதுபோல.

“விழுந்தது தெரியுது. அது ஏன் ரோட்டுக்கு வந்தது?”

“பள்ளிக்கூடத்துக்கு அம்மா,” என்றாள் யதுர்ஷிகா. “பழைய பொருள் ஒண்டு கொண்டு போகாட்டி வரலாற்றுக்குப் புள்ளி இல்லையாம். எங்கட வீட்டிலை பழசாத் தெரியிறது இது ஒண்டுதான்.”

“இது பழசில்லைப் பிள்ளை. இது கரி. சாம்பல் போட்டு உரஞ்சினா வெள்ளையாய் வரும்.”

“ஐயோ, உரஞ்சிப்போடாதேங்கோ! கரிக்குத்தான் புள்ளி.”

கமலாசனி திரும்பி வளவைப் பார்த்தாள். கிணற்றடித் தொட்டிக்குள் நெல் ஊறிக்கொண்டிருந்தது. காலபோக அறுவடையில் விற்றது போக, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்த நெல். அடுத்த அறுவடை வரைக்கும் அந்த வீட்டில் சோறு என்றால் அதுதான். முந்தின நாள் பொழுதுபட ஊறப் போட்டிருந்தாள். ஊறிய நெல்லுக்குத் தவணை கொடுக்க முடியாது. அன்று பின்னேரம், தப்பினால் அடுத்த நாள் காலை, அவித்தே ஆக வேண்டும். விட்டால் புளிக்கும். பிறகு முளைக்கும். பிறகு மாட்டுக்கு வைக்கலாம். மாடும் யோசித்துத்தான் வாய் வைக்கும்.

“மத்தியானம் கொண்டந்து தருவன்,” என்றான் யோகநாதன். “என்ரை வாக்கு.”

யோகநாதனின் வாக்கைப் பற்றிக் கமலாசனிக்குத் தனியான கருத்து இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

புள்ளி விவகாரம் இப்படித்தான் தொடங்கியது. ‘வரலாற்றாளரைப் போலச் சிந்திப்போம்’ என்றொரு செயற்றிட்டம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பிள்ளைகள் வரலாற்றைப் பாடமாக்குகிறார்களே தவிரச் சிந்திப்பதில்லை என்று எங்கோ ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் பெரியவர்கள் கூடிக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே பிள்ளைகள் என்ன சிந்திக்க வேண்டும் என்பதைத் தாங்களே சிந்தித்து, கேள்விகளையும் விடைகளையும் சேர்த்து அச்சடித்து, ஒரு கைந்நூலாக அனுப்பியிருந்தார்கள். பண்பாட்டுப் பொருள் ஒன்றை மேசையில் வைக்க வேண்டும். பிள்ளைகள் அதை உற்றுநோக்க வேண்டும், கேள்வி எழுப்ப வேண்டும், ஊகிக்க வேண்டும், கடைசிப் பக்கத்திலுள்ள விடைக்கு வந்து சேர வேண்டும். வேறு விடைக்கு வந்து சேர்ந்தவர்கள் மறுபடி முதற் பக்கத்திலிருந்து சுதந்திரமாகச் சிந்திக்க வேண்டும்.

பொருள்தான் சிக்கலாகிவிட்டது. ஐம்பது வருடப் பழமை வேண்டும், வழிவழியாக வீட்டில் இருந்ததாக வேண்டும் என்றது சுற்றறிக்கை. ஸ்கந்தபுரத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவிலிருந்த அந்தச் சிறிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீடெல்லாம் கிளறிக் கொண்டுவந்தது, தொண்டு நிறுவனத்தின் பெயர் இன்னும் அழியாத நீல வாளி, கூடாரச் சீலை, முகாமில் கொடுத்த சருவச்சட்டி, ஒரு சில்லுப் போன குழந்தை வண்டி. செயற்றிட்ட இணைப்பாளர் சிவகரன் அவற்றைச் சுற்றி வந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி கலையாத சேட்டு, கக்கத்தில் கைந்நூல். எப்போதும் அச்சில் வருவதைப் போலத்தான் பேசுவார்.

“இவை பாவனைப் பொருட்கள். பண்பாட்டுப் பொருட்கள் அல்ல,” என்றார். “ஒரு சமூகம் தன் பாட்டன் காலத்துப் பொருள் ஒன்றையேனும் பேணிக் காக்கவில்லை என்றால், அதன் வரலாற்று உணர்வு குறித்து நாம் கவலைகொள்ள வேண்டியிருக்கிறது.”

அதிபர் சின்னராசா தொண்டையைச் செருமினார். “சேர், இஞ்ச எல்லாரும் ஒரு உடுப்புப் பையோடை திரும்பி வந்த ஆக்கள்…”

“காரணங்களை எழுத்தில் பெறுவோம்.”

அப்படியே பெறப்பட்டது. ‘2009ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வீட்டுப் பொருட்களைப் பேணத் தவறியமைக்கான காரணம்’ என்று தலைப்பிட்ட தாள் வீடு வீடாகப் போனது. பெற்றோர் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தார்கள். பலர் ‘நேரமில்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘அவசரமாய் வெளிக்கிட்டது’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘பங்கருக்குள் இடம் காணாது’ என்று எழுதி, அதை வெட்டிவிட்டு, ‘கவனக்குறைவு’ என்று திருத்தியிருந்தார். சிவகரன் எல்லாவற்றையும் தொகுத்து, ‘பெற்றோரின் கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

இந்த நிலையில்தான் கமலாசனியின் கிடாரம் பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கியது.

மத்தியானம் வந்தது. கிடாரம் வரவில்லை. யோகநாதன் மட்டும் வந்தான்.

“உள்ளை வைச்சுப் பூட்டியிருக்கினம். கேக்கப் போனன். கிடாரத்துக்கு முன்னாலை செருப்போடை நிக்கக்கூடாதெண்டு சொல்லிச்சினம். செருப்பைக் கழட்டினன். சேட்டுப் பொத்தானைப் பூட்டச் சொல்லிச்சினம். பொத்தான் இல்லை. திரும்பி வந்திட்டன்.”

“நல்லாக் கேட்டியள்,” என்று கமலாசனி சைக்கிளை எடுத்தாள்.

மண்டபத்தின் நடுவில் பிள்ளைகள் இருக்கும் நான்கு வாங்குகளைச் சேர்த்து, சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் கிடாரத்தை ஏற்றியிருந்தார்கள். சுற்றிவரக் கயிறு. ‘தொல்பொருள் இலக்கம் 1. தொட வேண்டாம்’ என்று ஒரு மட்டை. வரலாற்று ஆசிரியை தயாளினி, சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி கட்டுகிறவர்கள் போடும் பொலித்தீன் கையுறையோடு காவல் நின்றாள்.

“மிஸ், என்ரை கிடாரத்தைக் கொண்டு போக வந்தனான்.”

“மெல்லக் கதையுங்கோ அக்கா. இப்ப அது கிடாரம் இல்லை.”

“அப்ப என்ன?”

தயாளினி சுற்றுமுற்றும் பார்த்தாள். “அரச நீராட்டுப் பாத்திரம்.”

கமலாசனி கிடாரத்தைப் பார்த்தாள். கிடாரம் அவளைத் தெரியாதது போல இருந்தது.

“இது கிடாரமெண்டு எனக்குத் தெரியாதே அக்கா?” என்று தயாளினி கிசுகிசுத்தாள். “எங்கட மாமி வீட்டிலையும் இதே சைஸிலை ஒண்டு கிடக்கு. ஆனா கைந்நூலிலை பாத்திரமெண்டு வாறது ஒண்டே ஒண்டுதான். அது மன்னர் குளிக்கிற பாத்திரம். இதை வேறை எதெண்டு சொன்னாலும் அதுக்கு விடை இல்லை. விடை இல்லாட்டிப் பாடம் இல்லை. பாடம் இல்லாட்டி எனக்குக் காத்தான்குளத்தடிக்கு மாற்றம் வந்தாலும் வரும்.”

அந்த நேரம் தரம் எட்டு வரிசையாக உள்ளே வந்தது. பின்னால் சிவகரன் வந்தார். கமலாசனியைப் பெற்றோர் அவதானிப்பாளர் என்று நினைத்து ஒரு கதிரையைக் காட்டினார். தொடர்ந்து நின்றால் மகளுக்குப் புள்ளி குறைந்துவிடுமோ என்று பயந்து அவள் அதில் உட்கார்ந்தாள்.

“மாணவர்களே, உற்றுநோக்குங்கள். இது எதற்குப் பயன்பட்டிருக்கும்?”

வகுப்பு முழுவதும் கை தூக்கியது. சிவகரன் யதுர்ஷிகாவைக் காட்டினார்.

“நெல்லவிக்கிறதுக்கு சேர். எங்கட அம்மா போன வருசமும் இதிலைதான் அவிச்சவா.”

சிவகரன் பொறுமையாகச் சிரித்தார். “அது தகவல், பிள்ளை. சிந்தனை அல்ல. தெரிந்ததைச் சொல்வது எவருக்கும் முடியும். வரலாற்றாளர் ஒருபோதும் தெரிந்ததைச் சொல்வதில்லை. வேறு யார்?”

தெரிந்ததைச் சொல்லக்கூடாது என்றதும் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிள்ளைகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முதற் குழு, இது போர் முரசு என்றது. ஆதாரம் கேட்டபோது, காலையில் ரோட்டில் விழுந்த சத்தத்தைக் காட்டியது. இரண்டாவது குழு, கள்ளரைப் போட்டு அவிக்கிற அண்டா என்றது. அதில் அதிபர் கொஞ்சம் ஆர்வம் காட்டினார். மூன்றாவது குழுவுக்குத் தயாளினி முதுகுப் பக்கமாக நின்று தலையில் தண்ணீர் வார்ப்பதுபோல் கை காட்டினாள்.

“குளிக்கிறதுக்கு?” என்றான் ஒருவன், நம்பிக்கையில்லாமல்.

“யார் குளிப்பதற்கு?”

தயாளினி தலையில் கிரீடம் வைத்துக் காட்டினாள்.

“ராசா?”

“அற்புதம்!” என்றார் சிவகரன். “பார்த்தீர்களா? எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே சிந்தனை பிறந்துவிட்டது. வன்னியை ஆண்ட குறுநில மன்னன் ஒருவன் நீராடிய பாத்திரம். குறைந்தது முந்நூறு ஆண்டுப் பழமை.”

கமலாசனியால் அதற்குமேல் இருக்க முடியவில்லை. எழும்பினாள். “சேர், குறை நினைக்காதேங்கோ. இது மீளக் குடியேறி வந்த புதுசிலை, புதுக்குடியிருப்பிலை பழைய இரும்பு விக்கிற ஆளிட்டை நான் வாங்கினது. ஒருத்தரும் இதிலை குளிக்கேல்லை. வீட்டிலை நெல்லு ஊறுது. தந்தியளெண்டா நான் போயிடுவன்.”

சிவகரன் கைந்நூலை வேகமாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“வாய்மொழி மூலம்!” என்றார். “அதிபர், உங்கள் பள்ளிக்கூடம் அதிர்ஷ்டம் செய்தது. பொருளோடு மூலமும் கிடைத்திருக்கிறது.”

அடுத்த நிமிடம் கமலாசனியின் கதிரை கயிற்றுக்கு உள்ளே தூக்கி வைக்கப்பட்டது. ‘வாய்மொழி மூலம் 1’ என்ற மட்டை அவள் சட்டையில் ஊசியால் குத்தப்பட்டது. குத்திய தயாளினி, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா,” என்று காதுக்குள் சொன்னாள். மூலத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் கைந்நூலில் தயாராக இருந்தன. ஒரு பிள்ளை எழுந்து வாசித்தது.

“அக்கால மக்கள் எதை உணவாக உட்கொண்டார்கள்?”

“எக்காலம்?”

“மூலம் கேள்வி கேட்கக்கூடாது,” என்றார் சிவகரன்.

“சோறு.”

“எழுதிக்கொள்ளுங்கள்: அரிசியை அடிப்படையாகக் கொண்ட உணவு முறைமை நிலவியது.”

“அக்கால மக்களின் பிரதான கவலை யாது?”

“நெல்லுப் புளிச்சுப் போகுமெண்டதுதான் தம்பி இப்ப கவலை.”

“எழுதிக்கொள்ளுங்கள்: மக்கள் கவலையின்றி வாழ்ந்தார்கள். கைந்நூலில் அவ்வாறுதான் உள்ளது.”

அப்போது முன்வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை, எந்தத் தாளையும் பாராமல், கையை மட்டும் நீட்டிக் கேட்டாள்: “சேர், இந்த ஓட்டை எப்பிடி வந்தது?”

கிடாரத்தின் தோளில் விரல் நுழையும் அளவில் ஒரு ஓட்டை. யாரோ தகடு வைத்து அடைத்திருந்தார்கள். அது எப்படிப்பட்ட ஓட்டை என்று ஊகிக்க வேண்டிய தேவை அந்த மண்டபத்தில் யாருக்கும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்சுவரிலும் அதன் சொந்தபந்தங்கள் இருந்தன. எத்தனை முறை பூசினாலும் சீமெந்துக்குக் கீழே தடிப்பாகத் தெரிந்தன. அதிபர் சின்னராசா யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். தயாளினி கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். சிவகரன் கைந்நூலை முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார், பொருளடக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

“மிக நல்ல கேள்வி,” என்றார் கடைசியாக. “ஆனால் இந்த ஓட்டை பாடத்திட்டத்தில் இல்லை.”

“எங்கட வீட்டுத் தகரத்திலையும் இருக்கு சேர்.”

“இருக்கலாம். தகரத்தில் இருப்பது வேறு, பாடத்திட்டத்தில் இருப்பது வேறு. பாத்திரத்தை மறுபக்கம் திருப்பி வையுங்கள்.”

கையுறை போட்ட பிள்ளைகள் நான்கு பேர் வந்து வரலாற்றைத் திருப்பி வைத்தார்கள்.

பாடம் முடிந்ததும் கமலாசனி மட்டையைக் கழற்றிக்கொண்டு சிவகரனைப் பிடித்தாள். அவர் ஆதரவாகவே பேசினார்.

“அம்மா, பதிவு செய்யப்பட்ட தொல்பொருளை உரிமையாளரிடம் கொடுப்பது பாதுகாப்பல்ல. நீங்கள் அதைப் பயன்படுத்திவிடுவீர்கள். நாளைக் காலை பிரதிக் கல்விப் பணிப்பாளர் வருகிறார். அதன்பின் விடுவிப்புக் குழு கூடும். குழுவை அமைப்பதற்கான கோரிக்கையை நான் இன்றே அனுப்பிவிடுகிறேன்.”

“அப்ப என்ரை நெல்லு?”

“நெல்லுக்கும் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லையே அம்மா.”

அன்று பின்னேரம் கமலாசனி ஊரெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றினாள். அறுவடைக் காலத்தில் கிடாரம் இரவல் கேட்பது, கலியாண வீட்டில் தாலியை இரவல் கேட்பதைப் போல. எல்லாக் கிடாரமும் அடுப்பில் இருந்தது. ஒரு வீட்டில் மட்டும் கிடாரம் சும்மா கிடந்தது. “அதை நாங்களும் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப்போறம். பெடிச்சிக்குப் புள்ளி வேணுமெல்லே,” என்றார்கள்.

வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரை மாற்றினாள். ஒரு கை நெல்லை அள்ளி மணந்து பார்த்தாள். இன்னும் கெடவில்லை. ஆனால் நல்ல மணமும் இல்லை. சில நெல்லில் மூக்கு நுனி வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

“நாளைக்கு மத்தியானம் தாண்டாது,” என்றாள்.

யோகநாதன் தலையைச் சொறிந்தான். “சட்டி பானையிலை கொஞ்சம் கொஞ்சமா…”

“அவிச்சு முடிய அடுத்த அறுவடை வந்திடும். உங்கட வாக்கிலைதானே கிடாரம் போனது? அதைக் கொண்டு வர உங்களாலை ஏலாது. நெல்லையெண்டாலும் அங்கை கொண்டு போவியளோ?”

யோகநாதன் தன் சேட்டைக் குனிந்து பார்த்தான். “பொத்தான் வைச்ச சேட்டு ஒண்டு எடுத்து வையும்,” என்றான்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. கிடாரத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். நிகழ்ச்சிநிரலில் ‘மாணவர் மையச் செயற்பாடு’ என்ற இடத்தில் நடனம் என்று இருந்தது. ஆனால் நடன உடுப்பு மாங்குளத்தைத் தாண்டி வரவில்லை என்று தொலைபேசி வந்திருந்தது. சிவகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்ற வேளையில், ஈரச் சாக்குகள் சொட்டச் சொட்ட லான்ட்மாஸ்டர் உள்ளே வந்தது.

“என்ன தங்கச்சி இது?” என்று அதிபர் பதறினார்.

“நெல்லுத்தான் சேர். கிடாரம் வீட்டை வரமாட்டனெண்டு நிக்குது. அதுதான் நெல்லை இஞ்ச கொண்டந்தனான். மைதானத்து மூலையிலை மூண்டு கல்லு வைச்சு அவிச்சுக்கொண்டு போயிடுறன். மாலையைக் கழட்டேல்லை, பொட்டையும் அழிக்கேல்லை.”

அதிபர் சிவகரனைப் பார்த்தார். சிவகரன் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார். பிறகு சாக்குகளைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ சிந்தனை பிறப்பது வெளியிலேயே தெரிந்தது.

“மீள்நிகழ்த்துகை!” என்றார். “நெல்நீராட்டு விழா. மன்னன் நீராடுவதற்கு முன்னர் அந்த ஆண்டின் நெல் நீராட்டப்படும். பண்டைய சடங்கு.”

“எப்ப இருந்து சேர்?” என்று தயாளினி மெதுவாகக் கேட்டாள்.

“இன்று முதல் பதிவில் இருக்கும்.”

கமலாசனிக்கு விழாவில் ஆட்சேபனை இல்லை. நெல் அவிந்தால் போதும். ஆனால் நிபந்தனை ஒன்று இருந்தது. செயற்பாடு மாணவர் மையமானது. ஆகவே மாணவர்தான் செய்ய வேண்டும். மூலம் கதிரையில் இருக்க வேண்டும். “மூலம் தானே பொருளை இயக்கினால் ஆதாரம் மாசுபடும்,” என்றார் சிவகரன். மட்டை மறுபடி குத்தப்பட்டது.

பிரதிக் கல்விப் பணிப்பாளர் திருமதி சுமித்திரா வந்து இறங்கினார். குத்துவிளக்கு, வரவேற்புரை, மாலை. முதல் மாலை அவருக்கு. இரண்டாவது மாலை ஏற்கெனவே கிடாரத்துக்கு. அவர் கிடாரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பேசினார்.

“நான் இந்த மாவட்டத்தில் நீண்ட காலமாகக் கடமையாற்றுகிறேன். இங்கே வரலாறு என்று ஏதாவது இருக்கிறது என்பதை இன்றுதான் அறிந்துகொண்டேன். இப்படிப்பட்ட பொருட்களை நீங்கள் தேடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவாக்க வேண்டும்.”

எல்லோரும் கை தட்டினார்கள்.

மைதானத்தில், மேடைக்கு முன்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டப்பட்டது. அடுப்பைச் சுற்றி ஒரு கயிறு, மூலத்தின் கதிரையைச் சுற்றி இன்னொன்று. கிடாரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஊறிய நெல்லைக் கொட்டி, சாக்கால் மூடினார்கள். அதுவரை சரி. கையுறை போட்ட பிள்ளைகள் விறகை அடுக்கினார்கள். பணிப்பாளர் புகைப்படத்துக்கு நெருப்புத் தெரியவில்லை என்றதால் இன்னும் அடுக்கினார்கள். பொலித்தீன் கையுறை சூட்டில் சுருண்டு விரலோடு ஒட்டியதில் இரண்டு பிள்ளைகள் குளறிக்கொண்டு பைப்படிக்கு ஓடினார்கள். மிஞ்சியவர்கள் கிட்டப் போகப் பயந்து தூரத்தில் நின்று விறகை எறிந்தார்கள்.

“யது, விறகைக் குறை பிள்ளை!” என்று கயிற்றுக்குள்ளிருந்து கமலாசனி கத்தினாள்.

“மூலம், கேட்டால் மட்டும்,” என்றார் அதிபர், மெதுவாக, கெஞ்சும் குரலில். “ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கோ தங்கச்சி. மேடம் போயிடுவா.”

“அரை மணித்தியாலத்திலை அது கரியாப் போயிடும் சேர். வருசச் சாப்பாடு அது!”

சிவகரன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். “சான்றோர்களே, இப்போது ஆவி மேலெழுவதைக் காண்கிறீர்கள். இந்த ஆவி எதைக் குறிக்கிறது? மன்னனின் புகழைக் குறிக்கிறது. அது எவ்வாறு மேலே செல்கிறதோ…”

ஆவி எழுந்தது. அவிந்த நெல்லின் மணம் மைதானத்தைத் தாண்டி மண்டபம் வரை பரவியது. பணிப்பாளர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, “பழமையின் வாசனை,” என்றார். தயாளினி குறிப்பெடுத்தாள்.

பிறகு ஆவி மெலிந்தது. சாக்கின் ஓரம் காயத் தொடங்கியது. மணத்துக்குள் ஒரு மெல்லிய கசப்பு நுழைந்தது. அடியில் தண்ணீர் இல்லை என்று கமலாசனியின் மூக்குக்கு விளங்கிவிட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். கயிறு வயிற்றில் தடுத்தது. அதிபர் இரண்டு கையையும் விரித்து முன்னால் நின்றார். அவள் அவரைச் சுற்றிப் போகப் பார்த்தாள், அவரும் சுற்றினார். பணிப்பாளர் அதையும் சடங்கின் ஒரு பகுதி என்று நினைத்துத் தாளத்துக்குக் கை தட்டினார்.

“யோகு! எங்கையப்பா நிக்கிறியள்? விறகை இழுங்கோ!”

யோகநாதன் ஓடி வந்தான். கயிற்றடியில் நின்ற மாணவர் தலைவன், “ஐயா, செருப்பு!” என்று மறித்தான். யோகநாதன் பழக்கதோஷத்தில் நின்று குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான்.

“…அவ்வாறே மன்னனின் புகழும் திசையெங்கும்…” என்று சொல்லிக்கொண்டிருந்த சிவகரன் நிறுத்தினார். மூக்கு ஒருமுறை சுருங்கியது. மறுபடி, “திசையெங்கும்…” என்றார். மூக்கு இன்னொரு முறை சுருங்கியது. ஒலிவாங்கி கையிலிருந்து நழுவி, கீழே விழுந்து கீச்சிட்டது. கக்கத்துக் கைந்நூல் அதன்மேல் விழுந்தது. இஸ்திரி கலையாத அந்த மனிதர் மேடையிலிருந்து குதித்து, கயிற்றை ஒரு கையால் அறுத்தெறிந்து, பணிப்பாளரைத் தாண்டி அடுப்பை நோக்கி ஓடினார். ஓடின வேகத்தில் சேட்டுக் கையை மடித்துவிட்டு, எரிகிற கொள்ளியை வெறுங்கையால் பிடித்து இழுத்தபடி, மைதானம் முழுவதும் கேட்கக் கத்தினார்:

“தண்ணி கொண்டாங்கோடா, கெதியா! அடிப்பிடிக்குது, ஒருத்தருக்கும் மணக்கேல்லையே? எங்கட அம்மா ஊராக்களின்ரை நெல்லெல்லாம் அவிச்சுத்தான் என்னைப் படிப்பிச்சவா, ஒருநாள்கூட இப்பிடி விடேல்லை!”